5ஜி ஏலத்திலிருந்து ஊர்த் தெரு வரை: விதிகள் எப்படி வேலை செய்கின்றன?

காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் இந்தக் கேள்வியை அடிக்கடி கேட்கலாம். "மாவட்டம் பூரா 5ஜி வந்தாச்சுங்கிறாங்க, போன்லயும் 5ஜின்னு காட்டுது. அப்புறம் ஏன் வீட்டுக்குள்ள போனா பேச்சு அறுந்து போகுது?" கேட்கிறவர்கள் டவரைக் குறை சொல்வார்கள், இல்லாவிட்டால் கம்பெனியைத் திட்டுவார்கள். இரண்டிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஆனால் எந்தத் தெருவுக்கு, எந்த அலைவரிசையில், எந்த ஆண்டு சேவை வரும் என்பதைப் பெருமளவு முடிவு செய்வது விதிகள்தான். டெல்லியில் வைக்கும் ஏல விலை, உரிமத்தோடு வரும் நிபந்தனை, உள்ளூரில் கம்பம் நடக் கிடைக்கும் அனுமதி, இந்த மூன்றையும் தாண்டித்தான் சிக்னல் நம் வாசலுக்கு வருகிறது. இவற்றைச் செட்டிநாட்டை வைத்தே பார்த்துவிடலாம்.

குத்தகைக்கு விடப்படும் காற்று

செல்போன் பேச்சும் இணையமும் மின்காந்த அலைகளில் ஏறித்தான் போகின்றன. ஒரே இடத்தில், ஒரே அலைவரிசையை இரண்டு கம்பெனிகள் பயன்படுத்தினால் இரண்டு பேருக்குமே சேவை கெடும். ஆகவே அலைவரிசைகளைத் துண்டு போட்டு, இது உனக்கு, அது அவனுக்கு என்று யாராவது பிரித்துக் கொடுக்க வேண்டும். அந்த வேலையை மத்திய அரசு செய்கிறது. இப்படிப் பிரித்துக் கொடுக்கப்படுவதைத்தான் அலைக்கற்றை என்கிறோம்.

நம் பக்கத்தில் கண்மாய் மீன்பாசி குத்தகை ஏலத்தைப் பார்த்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். கண்மாய் குத்தகைக்காரருடையது ஆகிவிடாது. குறிப்பிட்ட காலத்துக்கு மீன் பிடிக்கும் உரிமை மட்டும் அவருக்கு. ஏலம் தொடங்கும் முன்பே குறைந்தபட்சத் தொகை ஒன்றை அதிகாரிகள் வைத்துவிடுவார்கள். அதைக் கூட்டி வைத்தால் கேட்க ஆள் வராது. குறைத்து வைத்தால் பொதுச் சொத்து அடிமாட்டு விலைக்குப் போய்விட்டது என்று ஊர் பேசும். அலைக்கற்றை விவகாரத்தில் இந்த இரண்டுமே நடந்திருக்கின்றன.

குறைத்துக் கொடுத்த கதை எல்லோருக்கும் தெரிந்தது. 2008-இல் 2ஜி உரிமங்களை, முதலில் வந்தவருக்கு முதலில் என்ற முறையில், 2001-இல் இருந்த விலைக்கே கொடுத்தார்கள். 2012 பிப்ரவரி 2-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அப்படிக் கொடுத்த 122 உரிமங்களை ரத்து செய்தது. அதன் பிறகு தனியார் கம்பெனிகளுக்குச் செல்போன் சேவைக்கான அலைக்கற்றை என்றாலே ஏலம்தான் என்று ஆகிவிட்டது.

கூட்டி வைத்த கதை அவ்வளவாகப் பேசப்படாதது. ஆனால் நம் வீட்டுக்குள் சிக்னல் வருவதற்கும் அதற்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. 700 மெகாஹெர்ட்ஸ் என்றொரு அலைவரிசை உண்டு. 2016 ஏலத்தில் அதை வைத்தபோது யாருமே கேட்கவில்லை. 2021-இல் மறுபடி வைத்தார்கள், அப்போதும் விலைபோகவில்லை. அடிப்படை விலை அவ்வளவு அதிகம். 2022 ஏலத்துக்கு முன் டிராய் என்னும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் நாடு முழுவதற்குமான விலையை ஒரு மெகாஹெர்ட்ஸுக்கு 3,927 கோடி ரூபாய் என்று குறைத்துப் பரிந்துரைத்தது. அந்த முறை ஜியோ மட்டும் நாட்டின் 22 தொலைத்தொடர்பு வட்டாரங்களிலும் 10 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்கு அதை எடுத்தது.

டிராய் பரிந்துரைக்கத்தான் முடியும். முடிவு எடுப்பது தொலைத்தொடர்புத் துறையும் மத்திய அமைச்சரவையும். 1997-இல் டிராய் அமைக்கப்பட்டதிலிருந்து இந்த ஏற்பாடுதான். டிராய் சொன்னதை அரசு அப்படியே ஏற்ற நேரமும் உண்டு, ஓரமாக வைத்த நேரமும் உண்டு. செய்தித்தாளில் "டிராய் உத்தரவு" என்று வருவதில் பாதி வெறும் பரிந்துரை. விலை, ஒதுக்கீடு போன்றவற்றில் அது யோசனை சொல்கிறது. கட்டணம், சேவைத் தரம் போன்றவற்றில் விதியே போடுகிறது. இந்த வித்தியாசம் தெரிந்தால் செய்திகள் பாதிக்குமேல் புரிந்துவிடும்.

2022 ஜூலை 26-இல் தொடங்கிய 5ஜி ஏலம் ஆகஸ்ட் 1-இல் முடிந்தது. 72,098 மெகாஹெர்ட்ஸ் ஏலத்துக்கு வந்ததில் 51,236 மெகாஹெர்ட்ஸ் விற்றது. மொத்தத் தொகை சுமார் 1,50,173 கோடி ரூபாய். ஜியோ, ஏர்டெல், வோடஃபோன் ஐடியா, அதானி குழுமத்தின் ஒரு நிறுவனம் என்று நான்கு பேர் கலந்துகொண்டார்கள். உரிமைக் காலம் 20 ஆண்டுகள். பணத்தை 20 ஆண்டுத் தவணைகளில் கட்டலாம், முதலிலேயே பெருந்தொகை எதையும் கட்டாயமாக வைக்க வேண்டியதில்லை என்று அந்த முறை தளர்த்தினார்கள். இது நல்ல மாற்றம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கம்பெனியின் கையிலிருக்கும் காசு முழுவதும் கஜானாவுக்குப் போய்விட்டால் டவர் நடுவதற்கு என்ன மிஞ்சும்? ஏலத்தில் அரசு எவ்வளவு வாரியது என்பதை வைத்தே அது வெற்றியா தோல்வியா என்று எழுதும் பழக்கம் நம் ஊடகங்களுக்கு இன்னும் போகவில்லை.

அந்த ஆண்டு அக்டோபர் 1-இல் டெல்லியில் 5ஜி சேவையைப் பிரதமர் தொடங்கிவைத்தார்.

மூன்று வகை அலை, ஒரு கனத்த சுவர்

700 மெகாஹெர்ட்ஸுக்கு ஏன் அவ்வளவு விலை? கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ ஒரு பழைய வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். முகப்பில் திண்ணை. உள்ளே போனால் வானம் தெரியும் முற்றம், அதைச் சுற்றித் தூண் வரிசையோடு வளவு. அதையொட்டி வரிசையாக அறைகள். பின்னால் இரண்டாங்கட்டு, அடுப்படி, அப்புறம் அடுத்த தெருவில் திறக்கும் பின்வாசல். சுவர்கள் இந்தக் கால ஒரு செங்கல் சுவர்கள் அல்ல. சுண்ணாம்புச் சாந்து ஏற்றிய கனத்த சுவர்கள். திண்ணையில் உட்கார்ந்திருக்கும்வரை 5ஜி முழுக் கோடு காட்டும். முற்றத்து ஓரம் வந்தால் ஒன்றிரண்டு குறையும். அறைக்குள் நுழைந்து கதவைச் சாத்தினால் போன் தானாக 4ஜிக்கு இறங்கும், சில வீடுகளில் அதுவும் இருக்காது. இந்த ஊர்களில் போன் வந்ததும் எழுந்து முற்றத்துக்குப் போகும் பழக்கம் எல்லோருக்கும் இருக்கிறது.

அலைவரிசையின் எண் குறையக் குறைய அலை தூரம் போகும், சுவரையும் ஓரளவு ஊடுருவும். கூடக் கூட அதில் ஏற்றக்கூடிய தகவல் அதிகம், ஆனால் போகும் தூரம் குறைவு, தடையும் அதிகம். 5ஜிக்கு 2022-இல் முக்கியமாக விற்றது 3300 மெகாஹெர்ட்ஸ் பகுதி. வேகம், தூரம் இரண்டுக்கும் நடுவில் அது ஒரு சமரசம். பெரும்பாலான ஊர்களில் நீங்கள் பார்க்கும் 5ஜி இதுதான். 26 கிகாஹெர்ட்ஸ் இன்னொன்று. அசுர வேகம் தரும், ஆனால் சில நூறு மீட்டர்தான் போகும், மரக்கிளை குறுக்கே வந்தால்கூடத் தடுமாறும். விளையாட்டு அரங்கம், ரயில் நிலையம் போன்ற நெரிசல் இடங்களுக்கு அது சரி. செட்டிநாட்டு அறைக்குள் வர வேண்டியது 700 போன்ற தாழ்ந்த அலைவரிசை.

இப்போது அந்த ஏல விலையைத் திரும்பிப் பாருங்கள். விலை அதிகம் என்று 2016-லிருந்து ஆறு ஆண்டுகள் அந்த அலைவரிசை யாருக்கும் பயன்படாமல் சும்மா கிடந்தது. அரசுக்கும் வருமானம் இல்லை, வீட்டுக்குள் சிக்னலும் இல்லை. தாழ்ந்த அலைவரிசை வேறு ஏற்கெனவே கையில் இருந்த கம்பெனிகளுக்கு 700 அவ்வளவு அவசியமாகத் தோன்றவில்லை என்பதும் உண்மைதான். ஆனாலும் ஒரு துறை அதிகாரி கோப்பில் எழுதும் விலை ஆச்சி வீட்டு இரண்டாங்கட்டு வரை நீளும் என்பதற்கு இதைவிட நேரான உதாரணம் கிடைக்காது.

நடைமுறையில் இப்போதைக்கு ஒரு வழி உண்டு. மொட்டைமாடியிலோ முற்றத்து விளிம்பிலோ ஒரு 5ஜி வாங்கியைப் பொருத்தி, அதிலிருந்து ஒயரை உள்ளே இறக்கி வைஃபை ஆக்கிக்கொள்வது. 2023-லிருந்து கம்பெனிகள் ஏர்ஃபைபர் என்ற பெயரில் விற்பது இதைத்தான். போனில் வைஃபை காலிங் என்ற வசதியை இயக்கிவிட்டால் பேச்சும் அதன் வழியே போகும். சுவரை இடிக்க வேண்டியதில்லை.

யார் எண்ணுகிறார்கள், எதை எண்ணுகிறார்கள்

அலைக்கற்றையை எடுத்தவர் அதை வாங்கிப் பூட்டி வைத்துவிட்டால்? அதற்காகத்தான் உரிமத்தோடு ஒரு நிபந்தனை வரும். இத்தனை காலத்துக்குள் இவ்வளவு இடத்தில் சேவை தொடங்க வேண்டும், தவறினால் அபராதம். இதைக் குறைந்தபட்ச விரிவாக்கக் கடமை என்கிறார்கள். மொத்தக் கொள்கையிலும் சாதாரண மனிதர் தெரிந்துகொள்ள வேண்டிய பகுதி இதுதான் என்பேன். இதைப் பற்றித்தான் யாரும் பேசுவதும் இல்லை.

இந்தியாவை 22 தொலைத்தொடர்பு வட்டாரங்களாகப் பிரித்திருக்கிறார்கள். சென்னை உட்பட தமிழ்நாடு முழுவதும் ஒரே வட்டாரம். 5ஜிக்கு விதிக்கப்பட்ட முதலாண்டு நிபந்தனை என்ன தெரியுமா? பெருநகர வட்டாரம் என்றால் அதற்குள் எங்காவது, மற்ற வட்டாரங்களில் குறைந்தது ஒரு நகரத்தில், வணிக ரீதியாகச் சேவையைத் தொடங்கியிருக்க வேண்டும். ஆக, ஒரு நகரத்தில் விளக்கேற்றிவிட்டாலே முதலாண்டுக் கணக்கில் தமிழ்நாடு முழுமைக்கும் டிக் போட்டாயிற்று. அடுத்தடுத்த ஆண்டுகளுக்கு நிபந்தனை கூடிக்கொண்டே போகும் என்றாலும் அடிப்படை யோசனை அதேதான். பெரிய அலகு ஒன்றை எடுத்து, அதில் எவ்வளவு என்று கேட்பது.

செய்திகளில் வருகிற அலகு மாவட்டம். நாட்டின் 99 சதவீதத்துக்கும் மேற்பட்ட மாவட்டங்களில் 5ஜி வந்துவிட்டதாக அரசு சொல்கிறது. பொய் இல்லை. ஆனால் அந்தக் கணக்கில் ஒரு மாவட்டத்தில் எத்தனை ஊர், எத்தனை தெரு என்பது தெரியாது. காரைக்குடி கல்லூரிச் சாலையில் 5ஜி வந்த நாளிலேயே சிவகங்கை மாவட்டத்துக்கும் வந்துவிட்டது என்றாகும். செட்டிநாடு சிவகங்கை, புதுக்கோட்டை என்று இரண்டு மாவட்டங்களில் சிதறிக் கிடக்கிறது. ஒரு காலத்தில் 96 ஊர்களாக இருந்து இன்று எழுபத்தைந்துக்குப் பக்கத்தில் நிற்கும் நகரத்தார் ஊர்கள், இடையிடையே மற்ற கிராமங்கள், நடுநடுவே கண்மாயும் செம்மண் பொட்டலும். இந்தக் கணக்கில் அவை தனித்தனியாகத் தெரிவதே இல்லை.

அப்படியானால் அரசே பணம் போட்டுச் செய்யக் கூடாதா என்றால், அதற்கும் ஒரு நிதி இருக்கிறது. தொலைத்தொடர்புக் கம்பெனிகள் தங்கள் சரிக்கட்டிய மொத்த வருவாயில், அதாவது சில கழிவுகள் போக மிஞ்சும் வருவாயில், 5 சதவீதத்தை இதற்காகக் கட்டுகின்றன. 2002-இல் எல்லோருக்குமான சேவைக் கடமை நிதி என்று தொடங்கியது, 2023-இன் புதிய சட்டத்தில் டிஜிட்டல் பாரத் நிதி என்று பெயர் மாறியிருக்கிறது. கம்பெனிகள் போக விரும்பாத இடங்களுக்குச் சேவை கொண்டுபோவது அதன் வேலை. 2022 ஜூலையில் அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த 4ஜி திட்டம் அப்படிப்பட்டது. சேவையே எட்டாத 24,680 கிராமங்களுக்கு 26,316 கோடி ரூபாய் செலவில் பி.எஸ்.என்.எல் மூலமாக 4ஜி.

நம் பக்கத்து ஊர்கள் சிக்கிக்கொள்வது இங்கேதான். இவை சேவையே எட்டாத ஊர்கள் அல்ல, 4ஜி ஏதோ ஒரு அளவில் இருக்கிறது. அதனால் அரசு நிதியின் கண்ணில் முதலில் படாது. கம்பெனியின் கணக்கிலோ இவை லாபம் தரும் ஊர்களும் அல்ல. ஆண்டில் பெரும்பாலான நாட்கள் தெருவில் பாதி வீடு பூட்டிக் கிடக்கும். காவலுக்கு ஒருவர், ஒரு வீட்டில் வயதான ஆச்சி, அவ்வளவுதான். அப்புறம் ஒரு கல்யாணம் வரும், முன்னோருக்குப் படையல் போடும் ஒரு படைப்பு வரும், கோவில் திருவிழா வரும். சென்னை, சிங்கப்பூர், மலேசியா என்று ஆயிரம் பேர் இரண்டு நாளைக்கு இறங்குவார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் திருப்பூட்டும் சடங்கை வீடியோவில் அனுப்புவார்கள். இருக்கிற ஒற்றை டவர் மூச்சுத் திணறும். மூன்றாம் நாள் மறுபடி வெறிச்சென்று ஆகிவிடும். சராசரி எடுக்கிற எந்தக் கணக்கிலும் அந்த இரண்டு நாள் தெரியாது. ஊர்க்காரர்களுக்கு நினைவிருப்பதோ அந்த இரண்டு நாள்தான்.

ஒரு முன்னேற்றத்தைச் சொல்லியாக வேண்டும். டிராய் 2024 ஆகஸ்டில் சேவைத் தர விதிகளைத் திருத்தி வெளியிட்டது, அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 2ஜி முதல் 5ஜி வரை எங்கெங்கே சேவை இருக்கிறது என்ற வரைபடத்தை ஒவ்வொரு கம்பெனியும் தன் இணையதளத்தில் போட வேண்டும் என்று அதில் சொல்லியிருக்கிறார்கள். மாவட்ட அளவில் 24 மணி நேரத்துக்கு மேல் சேவை முடங்கினால் மாதக் கட்டணக்காரருக்குத் தள்ளுபடி, முன்கூட்டிப் பணம் கட்டுபவருக்குக் கூடுதல் நாட்கள் தர வேண்டும். வரைபடத்தைத் திறந்து உங்கள் தெருவைப் பெரிதாக்கிப் பாருங்கள். அது திண்ணைக்கான வரைபடம், அறைக்கானது இல்லை என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இழப்பீட்டு விதியில் பழைய சிக்கல் மறுபடி வருகிறது. அலகு மாவட்டம். உங்கள் ஊர் டவர் மட்டும் நாலு நாள் படுத்துவிட்டால் அது இந்தக் கணக்கில் வராது.

கம்பம் எங்கே நடுவது

ஏலம் டெல்லியில் நடக்கலாம், கம்பம் நம் தெருவில்தான் நிற்க வேண்டும். நிலத்தில் டவர் நடவும், மண்ணுக்கடியில் ஃபைபர் பதிக்கவும், மின்கம்பத்தில் சிறு பெட்டி மாட்டவும் கிடைக்கும் உரிமையை வழியுரிமை என்கிறார்கள். 5ஜிக்கு இது முன்பைவிட முக்கியம். 3300 மெகாஹெர்ட்ஸ் அலை குறைந்த தூரமே போவதால் பெரிய டவர்களுக்கு இடையே சிறு சிறு செல்கள், அதாவது கம்பத்தில் மாட்டும் குட்டி நிலையங்கள், தேவைப்படும். ஒவ்வொரு டவருக்கும் ஃபைபர் வந்து சேர வேண்டும். ஃபைபர் இல்லாத டவரில் 5ஜி பெட்டியை மாட்டினாலும் முழு வேகம் கிடைக்காது.

இதற்கான பழைய சட்டம் 1885-ஆம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டம். செட்டிநாட்டின் பெரிய வீடுகளில் பல அப்போது கட்டப்படவே இல்லை. தந்திக் கம்பி இழுக்க எழுதிய சட்டத்தை வைத்துக்கொண்டுதான் 5ஜி தொடங்கும்வரைகூட ஓட்டினோம். 2016-இல் வழியுரிமைக்குத் தனி விதிகள் வந்தன. 2022 ஆகஸ்டில் அதைத் திருத்தி, தெருவிளக்குக் கம்பம் போன்றவற்றில் சிறு செல் மாட்ட ஆண்டுக்கு நகரத்தில் 300 ரூபாய், கிராமத்தில் 150 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். அதற்கு முன் ஒவ்வொரு உள்ளாட்சியும் வாய்க்கு வந்த தொகையைக் கேட்டது. 2023 டிசம்பரில் நிறைவேறிய தொலைத்தொடர்புச் சட்டத்தின்கீழ் புதிய வழியுரிமை விதிகள் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கின்றன. விண்ணப்பம் இணையதளம் வழியாக. குறித்த காலத்துக்குள் அதிகாரி பதில் சொல்லாவிட்டால் அனுமதி கிடைத்ததாகவே பொருள்.

காகிதத்தில் எல்லாம் சுத்தமாக இருக்கிறது. செட்டிநாட்டில் இறங்கினால் வேறு வகைச் சிக்கல்கள் வருகின்றன. நகரங்களில் கம்பெனிகளின் முதல் தேர்வு மொட்டைமாடி. நம் பழைய வீடுகளிலோ பெரும்பகுதி சரிந்த ஓட்டுக் கூரை, அதில் டவர் எங்கே வைப்பது? தளம் போட்ட பகுதி இருந்தாலும் நூறாண்டுக் கட்டடம் அந்தச் சுமையைத் தாங்கும் என்று கட்டமைப்புப் பொறியாளர் சான்று கொடுக்க வேண்டும். சரி, காலி மனையில் நடலாம் என்றால் அது பலருக்குப் பொதுவான சொத்து. ஒரு பங்காளி சென்னையில், ஒருவர் கோலாலம்பூரில், ஒருவர் நியூ ஜெர்சியில். எல்லோரும் கையெழுத்துப் போட்டால்தான் ஒப்பந்தம். ஒருவர் "எதுக்குப்பா வம்பு" என்றால் அதோடு முடிந்தது. தனியார் இடத்தில் டவர் வைக்க உள்ளாட்சி அனுமதிகூட வேண்டாம், முன்னறிவிப்பும் பொறியாளர் சான்றும் போதும் என்று 2022 திருத்தம் எளிதாக்கியது. ஆனால் பங்காளிகளின் சம்மதத்தை எந்தத் திருத்தமும் எளிதாக்க முடியாது.

பொதுச் சொத்துக்காரர்கள் பயப்படும் ஒரு விஷயத்துக்குப் புதிய சட்டத்தில் பதில் இருக்கிறது. நிலத்தில் நடப்பட்ட டவரும் கம்பியும் அந்த நிலத்தின் பகுதியாகக் கருதப்படாது. அதைக் காரணம் காட்டி நிலத்துக்குச் சொத்து வரியைக் கூட்டவும் முடியாது. பாகப்பிரிவினை வழக்கு வந்தாலும் டவர் தனி, நிலம் தனி. வாடகையை எப்படிப் பங்கு பிரிப்பது என்பது மட்டும் குடும்பத்தின் பாடு.

பூட்டிய வீடும் வெளிநாட்டில் இருக்கும் உரிமையாளரும் இருக்கும் ஊரில் மோசடிக்காரர்களுக்கு வேலை சுலபம். "உங்க காலி மனையில டவர் வைக்கிறோம். மாசம் இவ்வளவு வாடகை. டிராய் தடையின்மைச் சான்றுக்கு மட்டும் முன்பணம் கட்டுங்க" என்று போனோ, முத்திரை பதித்த கடிதமோ வரும். டவர் வைப்பதற்காக டிராயும் தொலைத்தொடர்புத் துறையும் நில உரிமையாளரிடம் எந்தக் கட்டணமும் வாங்குவதில்லை, டிராய் அப்படிச் சான்று எதுவும் கொடுப்பதும் இல்லை. உண்மையான கம்பெனி உங்களுக்குத்தான் பணம் கொடுக்கும், உங்களிடம் கேட்காது. பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழைக்க வேண்டும். அழைப்பு மட்டும் வந்திருந்தால் அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் சக்ஷு பகுதியில் புகார் பதியலாம்.

ஃபைபர் பற்றி ஒரு வார்த்தை. பள்ளம் தோண்டும் முன் கீழே என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொள்ள 2023 மார்ச்சில் ஒரு செயலியை மத்திய அரசு வெளியிட்டது. குடிநீர்க் குழாய்க்காரரும் சாக்கடைக்காரரும் ஃபைபர்காரரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதற்காக. காரைக்குடியில் பாதாளச் சாக்கடைக்காகத் தெருத்தெருவாகத் தோண்டிய காலத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தச் செயலியின் அருமை தெரியும். கிராமங்களுக்கு ஃபைபர் கொண்டுபோகும் பொறுப்பு மத்திய அரசின் பாரத்நெட் திட்டத்துக்கும், தமிழ்நாட்டில் அதைச் செயல்படுத்தும் தமிழ்நாடு ஃபைபர்நெட் நிறுவனத்துக்கும். மாநிலத்தின் 12,525 ஊராட்சிகளையும் இணைப்பது அதன் இலக்கு. இங்கே கவனிக்க வேண்டியது, இந்தத் திட்டம் ஊராட்சியை அலகாக எடுத்துக்கொள்கிறது. கம்பெனிகளுக்கான 5ஜி நிபந்தனை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

கதிர்வீச்சு

டவர் என்றதும் ஊர்க்கூட்டத்தில் எழும் முதல் எதிர்ப்பு இதுதான், ஆனால் விதிகளில் சிக்கல் குறைவான பகுதியும் இதுதான். கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கான சர்வதேச ஆணையம் பரிந்துரைத்த வரம்பில் பத்தில் ஒரு பங்குதான் அனுமதி என்று 2012 செப்டம்பர் 1 முதல் இந்தியா கடுமையாக்கியது. செல்போன் அலைகள் எக்ஸ்ரே போல அணுக்களிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கும் வகை அல்ல, மிக அதிக அளவில் இருந்தால் சூடேற்றும் வகை. அந்தச் சூட்டுக்கு வெகு கீழே வரம்பு போட்டிருக்கிறார்கள். டவரால் குருவிகள் அழிந்தன என்பதற்கும் உறுதியான ஆதாரம் கிடையாது. ஓட்டு வீடுகள் குறைந்ததும் தானியம் சிந்தாமல் போனதும் அதைவிட நம்பக்கூடிய காரணங்கள். இருந்தாலும் சந்தேகம் இருந்தால் தரங் சஞ்சார் என்ற அரசுத் தளத்தில் உங்கள் பக்கத்து டவரின் விவரத்தைப் பார்க்கலாம். 4,000 ரூபாய் கட்டினால் தொலைத்தொடர்புத் துறையின் ஆட்கள் நேரில் வந்து அளந்து சொல்லவும் ஏற்பாடு உண்டு. தெருக்காரர்கள் பத்து பேர் சேர்ந்தால் தலைக்கு 400 ரூபாய். உண்ணாவிரதத்துக்குப் பந்தல் போடும் செலவைவிடக் குறைவு.

வேறு சில விதிகளும் உண்டு, நம் ஊரை நேரடியாகத் தொடாதவை. 2021 ஜூன் 15 முதல் கம்பெனிகள் நம்பகமானவை என்று அரசு ஏற்ற இடங்களிலிருந்து மட்டுமே கருவிகளை வாங்கிப் பொருத்த வேண்டும். அது நாட்டின் பாதுகாப்பு கருதி. விமானங்களின் உயரமானியோடு குழம்பிவிடக் கூடாது என்பதற்காக, ஓடுபாதை முனைகளிலிருந்து 2.1 கிலோமீட்டருக்குள் 3300 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் 5ஜி நிலையம் வைக்க வேண்டாம் என்று 2022 நவம்பரில் துறை சொன்னது. மதுரையில் இறங்கி ஊருக்கு வருகிறவர்கள் விமான நிலைய வாசலில் 5ஜி காணோம் என்று அப்போது திகைத்திருந்தால் காரணம் அதுவாக இருக்கலாம்.

குறை சொல்ல எங்கே போவது

டிராய்க்கு எழுதினால் தனிநபர் புகாரை அது விசாரிக்காது. இது பலருக்குத் தெரிவதில்லை. முதலில் கம்பெனியின் வாடிக்கையாளர் மையத்தில் புகார் பதிந்து எண்ணை வாங்கிக்கொள்ள வேண்டும். தீராவிட்டால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அமைப்பு. அதற்கும் மேலே தொலைத்தொடர்புத் துறையின் பொதுமக்கள் குறைதீர்ப்புத் தளம். நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். தொலைத்தொடர்புப் புகார்களை நுகர்வோர் மன்றங்கள் விசாரிக்கலாம் என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. புகாரில் "சிக்னல் சரியில்லை" என்று எழுதினால் "சோதித்தோம், சரியாக இருக்கிறது" என்று பதில் வரும். கம்பெனியின் வரைபடம் உங்கள் தெருவில் 5ஜி இருப்பதாகக் காட்டும் பக்கத்தையும், அதே இடத்தில் டிராயின் மைஸ்பீட் செயலியில் எடுத்த வேகத்தையும் தேதியோடு படம் பிடித்து இணைத்தால் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

இதெல்லாம் இருக்கிற விதிக்குள் செய்வது. விதியை மாற்றச் சொல்லவும் ஒரு வாசல் இருக்கிறது. ஏலத்துக்கு முன்னும், தர விதிகளை மாற்றும் முன்னும் டிராய் ஒரு கலந்தாய்வு அறிக்கையைத் தன் இணையதளத்தில் வெளியிடும். அடிப்படை விலை, விரிவாக்கக் கடமை, அதை எந்த அலகில் அளப்பது என்பதெல்லாம் அதில் வரிசை எண் போட்ட கேள்விகளாக இருக்கும். யார் வேண்டுமானாலும் மின்னஞ்சலில் பதில் அனுப்பலாம். வந்த பதில்களைப் பொதுவில் போடுவார்கள், பிறகு திறந்த விவாதக் கூட்டமும் நடத்துவார்கள். போய்ப் பார்த்தால் கம்பெனிகளும் அவற்றின் சங்கங்களும் பக்கம் பக்கமாக எழுதியிருக்கும், நுகர்வோர் அமைப்புகள் ஒன்றிரண்டு இருக்கும், ஓர் ஊராட்சியோ பேரூராட்சியோ எழுதியதாகக் காண்பது அரிது. நகரத்தார் சங்கங்கள் ஊருக்கு ஊர், நாட்டுக்கு நாடு இருக்கின்றன. கோவில் கணக்கைப் புள்ளி வாரியாக, அதாவது குடும்பம் குடும்பமாக, எண்ணி வசூலித்த பழக்கம் உள்ளவர்கள். அடுத்த அறிக்கை வரும்போது அவர்களும் ஊராட்சித் தலைவர்களும் எழுத வேண்டிய கோரிக்கை ஒன்றுதான். விரிவாக்கக் கடமையை வட்டார அளவில் மட்டும் அளக்காமல் ஊராட்சி அளவிலும் அளக்க வேண்டும். சேவை முடக்கத்துக்கான இழப்பீட்டையும் மாவட்டத்திலிருந்து அங்கேயே இறக்க வேண்டும். 6ஜி 2030 வாக்கில் வரும் என்கிறார்கள். அதற்கான அலைவரிசைகளுக்கும் விலை வைக்க வேண்டும், நிபந்தனை எழுத வேண்டும். அதற்கு முன்பும் இதே கேள்விகள் அந்தத் தளத்தில் வரும். பதில் அனுப்பக் கொடுக்கும் கால அவகாசம் பெரும்பாலும் சில வாரங்கள்தான்.